ஆடியில் நடந்ததும் நடக்காததும்

ஆவணி 13, ஞாயிறு

விடியலிலிருந்து தூறல். விறகு ஈரம். அடுப்பை ஊதி ஊதிக் கண் எரிச்சல்.

பங்கீட்டு அரிசி வந்தது. அளந்தேன். போன தடவையைவிடக் குறைவு, பாதி நொய், புழு பிடிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு வேறு கலந்திருக்கிறான். எத்தனை தண்ணீர் மாற்றினாலும் அந்த வாடை போகவில்லை.

தேங்காயெண்ணெய் - விளக்குக்கு மட்டும். தலைக்கு இல்லை.
சோப்பு - இல்லை. சாம்பல்தான்.
மரவள்ளி - பாலிக் புலாவ் கிழங்கு, ஒரே நார்.
கற்பூரம் - இரண்டு துண்டு. வெள்ளிக்கிழமைக்கு மட்டும்.

கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்ததிலிருந்து ராகுகாலம் பார்ப்பதே பெரும் பாடு. வீட்டுக்காரருக்கு ஆபீஸ் ஜப்பான் நேரம், எனக்குச் சூரியன். பஞ்சாங்கம் ஊரிலிருந்து வருவதில்லை, குருக்கள் சொல்வதுதான்.

பின்கட்டு மூலையில் சுருட்டி வைத்திருந்த பாயை வெயில் காட்டலாம் என்று எடுத்தேன் (வெயில் எங்கே). பூஞ்சை. முழுப் பாயும் பச்சை பூத்திருக்கிறது. மாத விலக்கு நாட்களில் மட்டும் விரிக்கும் பாய். நான் மூன்று மாதமாக விரிக்கவில்லை. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, எனக்குள் ஒரு நினைப்பு, ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முருகன் கண் திறந்தானோ என்று. சரி. ஆனால் தங்கச்சி சரசு?

சரசு ஆனிக் கடைசியில் உட்கார்ந்தாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம். அதற்குப் பிறகு இல்லை.

பாயைக் கழுவிச் சுவரில் சாய்த்தேன். அவள் பார்த்தாள். மதியம் சாப்பிடவில்லை.

ஆவணி 14, திங்கள்

மழை விட்டது. தூக்கமில்லை.

என்னவென்று நினைப்பது. கல்யாணமான பெண்தான், இருபத்திரண்டு வயது. ஜப்பான் சிப்பாய்களுக்கு ஊரே பயந்துகொண்டிருந்த சமயம், கல்யாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று ஆனியின் கடைசி முகூர்த்தத்தில் தாலி கட்டி வைத்தோம். அம்மா அப்பா நாகப்பட்டினத்தில். கப்பல் நின்ற பிறகு கடிதம் இல்லை. தாரை வார்த்துக் கொடுத்தது நானும் அவரும். மறுநாளே ஆடி வந்துவிடும், சாந்தி முகூர்த்தத்துக்கு ஆவணியில் நாள் பார்க்கிறேன் என்றார் குருக்கள். ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிறக்கும், குடும்பத்துக்கு ஆகாது. அதனால் பெண் என் வீட்டில், மாப்பிள்ளை கடலுக்கு அந்தப் பக்கம் பிறையில் அவன் அம்மாவோடு. முறைப்படி.

ஆடி முடிவதற்குள் பிறை ரயில் பட்டறை ஆட்களோடு மாப்பிள்ளை நடராசனையும் சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஏற்றிவிட்டார்கள். சம்பந்தி அம்மா அன்று அழுதுகொண்டே வந்து கேட்டார், போறதுக்கு முன்னால என் பிள்ளை இவ முகத்தையாவது பார்த்தானா என்று. இல்லை அத்தை, ஆடி முழுக்க ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை, நான் காவல் இருந்தேன் என்றேன். நாலு பேர் முன்னால். பெருமையாகத்தான் சொன்னேன்.

இன்று துணி துவைக்கும்போது கேட்டுவிட்டேன். குனிந்தபடியே சொன்னாள். ஆடிப் பதினெட்டு அன்று நான் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போயிருந்தபோது அவன் வந்தான். பெரிப் படகில் வந்து, மழையில் நனைந்து, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பெயர்ப் பட்டியல் போட்டுவிட்டார்கள் என்று சொல்லத்தான் வந்தானாம்.

"என்னதான் நடந்துச்சு, சொல்லுடி."

"ஒண்ணும் நடக்கலக்கா."

"ஒண்ணும் நடக்காததுக்கா இப்படி உருகிப்போய் நிக்கிற?"

"நடக்கல. பாதியிலயே அவர்தான் வேணாம்னாரு. ஆடி முடியட்டும், அக்கா பேரு கெட்டுரும்னு."

பாதி என்றால் எவ்வளவு? இரண்டு பேரும் ஒரே வேட்டியை இரண்டு முனையில் பிடித்துப் பிழிந்துகொண்டு நின்றோம், அதில் தண்ணீரே இல்லை.

அதில் குழந்தை வருமா, வராதா. ஒன்பது வருஷம் குடும்பம் நடத்தியவள் நான். தெரியவில்லை.

ஆவணி 15, செவ்வாய்

கிருத்திகை என்று நினைத்து விரதம் இருந்தேன், இல்லையாம். பரவாயில்லை, ஒரு வேளை மிச்சம்.

பக்கத்து வீட்டுப் பாத்தும்மா அக்காவிடம் வேறு யாருக்கோ என்பதுபோல் கேட்டேன். ஆம்பளை குளித்த தொட்டியில் குளித்தாலே கரு நின்றுவிடும் என்றார். அவர் மச்சிக்கு அப்படித்தானாம். பிறகு, முத்தத்தில் நிற்காது, ஆனால் வெள்ளிக்கிழமை முத்தத்தில் சொல்ல முடியாது என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாரா, நிஜமாகவா, தெரியவில்லை. கடைசியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கருஞ்சீரகமும் ஒரு வேரும் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இதைக் காய்ச்சி மூன்று நாள், கூடவே பிஞ்சு அன்னாசி, எதுவாக இருந்தாலும் கழுவிக்கொண்டு போய்விடும் என்றார்.

காய்ச்சினேன். கரிய தண்ணீர், நாற்றம்.

ச. டம்ளரைக் கையில் வாங்கினாள். குடிக்கவில்லை, கொடுக்கவும் இல்லை. இருந்தால்? அது நடராசனுடையது. அவன் எங்கே இருக்கிறானோ. ஆனால் இருந்தால் சம்பந்தி அம்மா என்ன கேட்பார்? என் பிள்ளை இவளைப் பார்க்கவே இல்லையென்று நீதானே சொன்னாய், அப்போது இது யாருடையது என்றுதானே? என் வாக்குதான் இவள் கழுத்தில் விழும். நான் பொய் சொல்லமாட்டேன் என்பது பிறை வரைக்கும் தெரியும்.

நாளைக்கு யோசிப்போம் என்று டம்ளரை வாங்கி மூடி வைத்தேன்.

முருகனிடம் நேர்ந்துகொண்டேன். இவளுக்கு விலக்கு வந்துவிட்டால் தண்ணீர்மலைக்குப் பால்குடம்.

பால் எங்கே கிடைக்கும் என்று பிறகுதான் நினைத்தேன்.

ஆவணி 16, புதன்

வெயில். துணி எல்லாம் காய்ந்தது.

பர்மா ரோட்டில் அந்த இலங்கைக்கார டாக்டரம்மா இன்னும் வீட்டிலேயே பார்க்கிறார் என்று கேள்விப்பட்டு ச.வைக் கூட்டிக்கொண்டு நடந்தோம். தலையில் முக்காடு, முகத்தில் கரி. சந்தியில் நின்ற ஜப்பான் காவல்காரனுக்கு இரண்டு பேரும் குனிந்து வணங்கிவிட்டுத்தான் தாண்டினோம்.

டாக்டரம்மா ஒல்லி, அறுபது இருக்கும். அலமாரி முழுக்கக் காலிக் குப்பி. நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்ன நடந்தது எண்டு ஒளிக்காமல் சொல்லுங்கோ, பிள்ளை. வெக்கப்பட இது கோயில் இல்லை. உடுப்பு இடையிலை இருந்ததோ, இல்லையோ?"

ச. என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். முதலில் இருந்தது, பிறகு இல்லை என்று சொன்னாள். மற்றதையும் அந்த அம்மா ஒவ்வொன்றாகக் கேட்டார், சந்தையில் சாமான் கேட்பதுபோல் சாதாரணமாக. இவளும் பதில் சொன்னாள். என்னிடம் சொல்ல முடியாததை எல்லாம் சொன்னாள். நான் அங்கே இருந்தும் இல்லாத மாதிரி.

டாக்டரம்மா சொன்னதை மறக்காமல் எழுதிவைக்கிறேன்:

முத்தத்தில் குழந்தை வராது. எந்தக் கிழமையிலும்.
குளித்த தண்ணீரில் வராது. ஒரே பாயில் படுத்தாலும் வராது.
துணிக்கு மேலாக வராது.
கையில் பட்டுக் காய்ந்துபோனதில் வராது.
ஆனால் துணி இல்லாமல், உள்ளே போகாவிட்டாலும், ஆணின் விந்து வாசலிலேயே பட்டிருந்தால் உள்ளே நீந்திப் போகலாம். அபூர்வமாகத்தான் நடக்கும். ஆனால் நடக்கவே நடக்காது என்று அவர் கையெழுத்துப் போட மாட்டார்.
இரண்டு விலக்குக்கு நடுவில் உள்ள சில நாட்களில்தான் கரு பிடிக்கும். மற்ற நாளில் கஷ்டம்.

ஆடி என்பதால் நிறுத்திக்கொண்டார்கள் என்று நான் சொன்னேன், ஏதோ அவர்கள் பக்கம் பேசுவதுபோல். அந்த அம்மா லேசாகச் சிரித்தார். உடம்புக்கு மாசம் தெரியாது பிள்ளை என்றார்.

அப்புறம் ச.வின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். மரவள்ளி என்றேன்.

"கிழங்கைத் திண்டுகொண்டு பயத்திலை இருக்கிற உடம்பு தானே மாசவிலக்கை நிப்பாட்டிப் போடும். ஊரிலை பாதிப் பொம்பிளையளுக்கு இப்ப இல்லை. எல்லாரும் பிள்ளைத்தாச்சியே? உங்களுக்கு எப்பிடி?"

மூன்று மாதமாக இல்லை என்றேன். வேறு ஏதாவது குறி உண்டா என்றார். இல்லை. என் நகத்தையும் பார்த்தார். இமையைப் பார்த்தார். எனக்கும் பட்டினிதான் என்று புரிந்தது.

எத்தனை வருஷமாக எல்லாம் முறைப்படி. நாள் பார்த்து, நட்சத்திரம் பார்த்து. இவளுக்குப் பாதியிலேயே சந்தேகம்.

இப்படி எழுதக் கூடாது. முருகா.

கசாயம் பற்றிச் சொன்னேன். அவர் முகம் மாறியது. ஒரு துளியும் கொடுக்கக் கூடாது, பிள்ளை போனால் தாயும் சேர்ந்து போய்விடுவாள் என்றார். இன்னும் ஒரு மாதம் போகட்டும், கை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவரை சோறு. எங்கேயாவது தேடிச் சோறு கொடுங்கள், பட்டினியால் நின்றதென்றால் சோற்றில் வந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் டம்ளரைச் சாக்கடையில் கொட்டினேன். ச. பக்கத்தில் நின்று பார்த்தாள். "நான் குடிச்சிருப்பேன்க்கா, நீ சொல்லியிருந்தா," என்றாள்.

ஆவணி 17, வியாழன்

இருட்டிக்கொண்டே இருந்தது, மழை வரவில்லை. ஒரே புழுக்கம்.

சம்பந்தி அம்மா நாளைக்குக் காலை பெரியில் வருகிறாராம். பிள்ளையார் சதுர்த்தி, மருமகளோடு கும்பிட வேண்டும் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பியிருக்கிறார். கூட்டிக்கொண்டு போகத்தானோ. இரண்டு நாள் கூட இருந்தாரென்றால் கணக்குப் போட்டுவிடுவார். மாமியார்களுக்கு அதற்குப் பஞ்சாங்கம் வேண்டாம்.

ச. தானே சொன்னாள்: நான் மூலையில் உட்கார்ந்துக்கறேன். இன்னிக்கு வந்த மாதிரி.

அதாவது தூரம் என்று பொய். சதுர்த்தி அன்று, பிள்ளையாருக்கு முன்னால். வேண்டாம் என்றேன். வேறு வழி சொல் என்றாள். மூலையைப் பெருக்கி வைத்தேன்.

மரவள்ளி மாவு இடித்தேன். கொழுக்கட்டைக்குத் தேங்காய் பாதி மூடி. வெல்லம் இல்லை, தேங்காய்ப்பூவோடு கொஞ்சம் உப்பு. பிள்ளையார் கோபித்துக்கொள்ளமாட்டார், பழகியிருப்பார்.

மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. மாவைச் சலித்ததையே திரும்பச் சலித்தேன்.

ஆவணி 18, வெள்ளி. சதுர்த்தி

காலையில் நல்ல மழை. பெரி தாமதம். சம்பந்தி அம்மா முழங்கால் வரை சேறோடு வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். இடுப்பில் ஒரு மூட்டை, அதைக் கீழே வைக்கவே இல்லை.

ச. பின்கட்டு மூலையில், கழுவிய அந்தப் பாயில். பக்கத்தில் தனித் தட்டு, தனிச் செம்பு.

நான் எதிர்பார்த்தது: அப்படியா, சரி, தள்ளியே இரு என்பார், எங்கள் மூச்சு வரும்.

நடந்தது வேறு. வாசற்படியில் நின்று பாயைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், முகம் அப்படியே விழுந்துவிட்டது. படியிலேயே உட்கார்ந்தார்.

"அப்போ இல்லையாம்மா," என்றார். ச.விடம். மெதுவாக.

எனக்குப் புரியவில்லை. ச.வுக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்தாள், பாயை விட்டு வெளியே வந்தாள், மாமியார் காலடியில் உட்கார்ந்தாள். நான் தடுக்கவில்லை. தடுக்கத் தோன்றவில்லை.

"பொய் அத்தை. எனக்கு வரல. ஆனியிலேருந்து வரல. ஆடிப் பதினெட்டுக்கு அவர் வந்தாரு. அக்காவுக்குத் தெரியாது."

"தெரியும்."

"யாரு சொன்னது?"

"அவன்தான். வண்டி ஏத்துறதுக்கு முன்னால சொல்லிட்டுத்தான் போனான். அம்மா, நான் அங்க போயிருந்தேன், ஏதாச்சும்னா அவளை ஒரு வார்த்தை சொல்லிடாதேன்னு. மூஞ்சியைத் தூக்கிப் பாக்கல, கீழ பாத்துக்கிட்டே சொன்னான் கழுதை."

பிறகு என்னைப் பார்த்தார். நாலு பேர் முன்னால அப்படிக் கேட்டேனே, நீ தெரிஞ்சு மறைக்கிறியா, தெரியாமத்தான் சொல்றியான்னு பாக்கத்தான் என்றார். தெரியலைன்னு உன் முகத்திலேயே எழுதியிருந்துச்சு, அதான் பேசாம போயிட்டேன் என்றார். காவல் இருந்த லட்சணம் என்று ஒரு சிரிப்பு.

இத்தனை நாள் நான் எதற்குப் பயந்தேனோ அதற்குத்தான் இந்த அம்மா பிறையில் உட்கார்ந்து சாமி கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மூட்டையை அவிழ்த்தார். அரிசி. சுண்ணாம்பு இல்லாத, முழு அரிசி. பழைய நாளில் வாங்கிச் சாம்பல் பானைக்குள் ஒளித்து வைத்திருந்ததாம். மகனுக்குக்கூட எடுத்து ஆக்கவில்லை, கஷ்டம் இன்னும் வரும் என்று வைத்திருந்தாராம். சொல்லும்போது உதட்டைக் கடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். அபூர்வமாகத்தான் நடக்கும், அனேகமாகப் பட்டினிதான், சோறு போட்டால் தெரியும். எல்லாம் கேட்டார்.

"போடுவோம்லா, ரெண்டுக்கும் சோறுதானே மருந்து," என்றார்.

கொழுக்கட்டை உப்பாகத்தான் இருந்தது. ச. நான்கு தின்றாள்.

ஆவணி 27, ஞாயிறு

வெயிலும் தூறலும் மாறி மாறி.

சம்பந்தி அம்மா பிறைக்குப் போகவில்லை. இங்கேதான். தினமும் ஒரு கைப்பிடி அரிசி எடுத்து ச.வுக்கு மட்டும் தனியாக வடிக்கிறார். கஞ்சி எனக்கு. வேண்டாம் என்றால் விடுவதில்லை. உனக்கும் நகம் வெளுத்துத்தான் கிடக்கு என்கிறார்.

ச. முகத்தில் கொஞ்சம் நிறம். நேற்று ஏதோ முணுமுணுத்துப் பாடினாள்.

என் வீட்டுக்காரர் இன்று ஆபீஸ் கிடங்கில் கேட்டதைச் சொல்ல ஆரம்பித்தார், சயாமில் காலராவாம், போனவர்களில்... ச. தண்ணீர் கொண்டு வந்தாள். நிறுத்திவிட்டு, புக்கிட் தெங்காவில் கிழங்கு மலிவாம் என்றார். நம்பினாளா தெரியவில்லை.

சம்பந்தி அம்மாவும் நேர்ந்துகொண்டிருக்கிறாராம். தண்ணீர்மலைக்குத்தான். பேரக்குழந்தை தங்கினால் முடியிறக்குவாராம். அதே முருகனிடம். என்னுடைய பால்குடத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. இரண்டையும் அவன் எப்படிக் கேட்பான்.

நேர்ந்துகொண்டதைத் திருப்பி எடுக்க முடியுமா என்று குருக்களிடம் கேட்கலாம். எதை என்று கேட்டால்?

புரட்டாசி 2, சனி

முதல் சனி. பெருமாளுக்குத் துளசி மட்டும்.

கிழங்கு - இரண்டு நாளைக்கு. நல்ல அரிசி - மூட்டை சுருங்கிவிட்டது, ஆனாலும் அளக்கவில்லை. அளக்கக் கை வரவில்லை. என் வாழ்நாளில் அளக்காமல் விட்ட முதல் சாமான்.

இருக்க வேண்டும் என்றா, வேண்டாம் என்றா இப்போது வேண்டுவது? விளக்கு முன்னால் நின்று நமஸ்காரம் மட்டும் பண்ணிவிட்டு வருகிறேன்.

ச. சொல்கிறாள், அவளுக்கு ஏதோ இருக்கிற மாதிரியே தோன்றுகிறதாம். வயிற்றில் கை வைத்துக்கொண்டே தூங்குகிறாள். டாக்டரம்மாவிடம் அடுத்த வாரம் போக வேண்டும். டாக்டரம்மா கை வைத்தால் சொல்லிவிடுவார். போக வேண்டாம் என்றும் இருக்கிறது.

புரட்டாசி 9, சனி

விடிந்தும் இருட்டு. கடலிலிருந்து காற்று. பின்கட்டு ஓலை ஒன்று பறந்துவிட்டது.

ச.வுக்கு வந்துவிட்டது.

அவளே வந்து சொன்னாள், ஒரே வார்த்தை. வலி இல்லை, கட்டி இல்லை, எப்போதும் போலத்தான் என்றாள். டாக்டரம்மா சொன்னதே. சோற்றில் வந்துவிட்டது. பேரனுக்கென்று அந்த அம்மா கொண்டுவந்த அரிசி.

நான் நேர்ந்துகொண்டது நடந்துவிட்டது. பால்குடம் எடுத்தே ஆக வேண்டும். போய் நின்று என்ன சொல்வது?

பாயை விரித்துக் கொடுத்தேன். உட்கார்ந்தாள். இந்தத் தடவை நிஜம். அழவில்லை. பாயின் ஓரத்துக் கோரையை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் தூரத்தில் நின்றேன், பிறகு முறை எல்லாம் பார்க்காமல் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். குளித்துவிட்டு விளக்கேற்றிக்கொள்ளலாம்.

சம்பந்தி அம்மா வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீதி அரிசி மூட்டையை எடுத்து இடுப்பில் செருகியபோது பிறைக்குத்தான் கிளம்புகிறார் என்று நினைத்தேன். இனி இங்கே அவருக்கு என்ன வேலை.

அடுப்படிக்குப் போனார். உலை வைக்கும் சத்தம் கேட்டது. ஒரு கைப்பிடி இல்லை, முழுதும் கொட்டினார். அங்கிருந்தபடியே சொன்னார்:

"அவளைச் சாப்பிட வைம்மா. அவன் வந்து பாத்தா, எலும்பா வச்சிருக்கியேன்னு என்னைத்தான் கேப்பான்."